அடுத்த தெருவைப் பார்க்கும் கண்

(நூலக வாரத்தையொட்டி ஆமத்தூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புத்தகம் படித்தால் மனிதனின் பார்வை மாறுமா என்று பேசக் கேட்டிருக்கிறார்கள். மாறும் என்று நான் நம்புகிறேன். எப்படி மாறும், யாரைப் பற்றிய பார்வை மாறும், மாறிய பிறகு அந்த மனிதன் என்ன செய்வான் என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் உண்டு. எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. நம் கரிசல் மண்ணிலேயே வேண்டிய அளவு இருக்கிறது.

காகிதம் நமக்குப் புதிதில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்தபின் காலண்டர், டைரி, நோட்டு, பாடப்புத்தகம் என்று தொழில் விரிந்தது. பட்டாசுக்குக் குழாய் சுற்றுவதும் பழைய தாளில்தான். தீபாவளிக்கு மறுநாள் வாசல் பெருக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெடித்துச் சிதறிய துண்டுகளில் யாரோ ஒரு பிள்ளை போட்ட கணக்கு பாதி தெரியும். ஏதோ ஓர் ஊர்ச் செய்தித்தாளின் அறுந்த வரி தெரியும். எழுத்து நம் கை வழியாகப் போய்க்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்தி, பிரித்து, படிக்க நமக்குத்தான் நேரம் வாய்ப்பதில்லை.

இதே சிவகாசியிலிருந்துதான் 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது. முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருக்கிற தமிழ்நாட்டு ஆண்கள் பலரிடம் முதலில் படித்த புத்தகம் எது என்று கேட்டால் மாயாவி பெயரைச் சொல்வார்கள். படக்கதையை, இதுவும் ஒரு படிப்பா என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஊர் எல்லையைத் தாண்டாத ஒரு பையன், தன் கண் பார்க்காத நகரத்தில், தன் பாஷை பேசாத ஒரு மனிதனுக்கு ஆபத்து என்றதும் பதறுகிறான். முன்பின் தெரியாத ஒருவனுக்காகப் பதறும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அதுதான் விதை.

வாசிப்பு மனிதனை நல்லவனாக்கும் என்று மேடையில் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு அடுத்த தெருக்காரரை வாசற்படி ஏற விடாதவர்களும் இருக்கிறார்கள். தான் ஏற்கெனவே நம்புகிறதையே திரும்பச் சொல்லும் புத்தகங்களை மட்டும் தேடிப் படித்தால் பார்வை மாறாது, இறுகும். ஒரே வாரத்தில் வெற்றி பெறலாம், ஒரே வருஷத்தில் பணக்காரராகலாம் என்று சொல்லும் புத்தகங்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. அவை ‘நான், நான்’ என்றே பேசுகின்றன. என் அக்கறை வேறு வகைப் புத்தகத்தின் மேல். நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு மனிதரை நம் முன்னால் நிறுத்திக் காட்டும் புத்தகம் அது.

அப்படி ஒரு புத்தகத்தைத் தந்தவர் பிறந்த ஊர், கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கும் இடைசெவல். நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போனால் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும் ஊர். எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அந்த ஒரே ஊரில் பிறந்து நண்பர்களாக வளர்ந்தவர்கள். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள்: அழகிரிசாமிக்கு 1970இல், அவர் காலமான பிறகு, கி.ரா.வுக்கு 1991இல். பள்ளிக்கூடம் கி.ரா.வுக்கு அதிகம் வாய்க்கவில்லை. மற்றதெல்லாம் நண்பரோடு சேர்ந்து படித்தது, மக்கள் வாயிலிருந்து கேட்டது. அந்தப் படிப்பிலிருந்து கரிசல் வட்டார வழக்குக்கே ஓர் அகராதி தந்துவிட்டுப் போனார்.

அழகிரிசாமிக்கு விருது கிடைத்தது ‘அன்பளிப்பு’ என்ற கதைத் தொகுதிக்கு. அந்தப் பெயருள்ள கதையை இங்கே எத்தனை பேர் படித்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருப் பிள்ளைகள் ஒருவர்மேல் உயிராக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரை மொய்த்துக்கொண்டு புத்தகம் கேட்டு நச்சரிக்கிறார்கள். அவருக்கும் பிள்ளைகள் என்றால் கொள்ளை ஆசை. புது வருஷத்துக்கு டைரி கொண்டுவந்து இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார். சாரங்கராஜன் என்ற பையனுக்கு இல்லை. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, அவன் நினைப்பே அவருக்கு எழவில்லை, அவ்வளவுதான். பிறகு அந்தப் பையன் தன் வீட்டுக்கு வரும்படி அவரை விடாமல் அழைக்கிறான். போகிறார். பலகாரம் வைத்து, காபி கொடுத்து, பெரிய மனிதனைப் போல உபசரிக்கிறான். எல்லாம் முடிந்தபின் ஒரு டைரியை எடுத்து அவர் முன் நீட்டுகிறான். தனக்கு அவர் அன்போடு கொடுத்ததாக அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

கதை அவ்வளவுதான். இதில் கொடுமைக்காரர் யாருமில்லை. அன்பானவர்தான், நல்லவர்தான். அந்த நல்லவரின் கண் ஒரு குழந்தையைத் தாண்டிப் போய்விட்டது. இதைப் படித்த ஒரு வாத்தியார் மறுநாள் வகுப்புக்குள் நுழையும்போது கடைசி பெஞ்சைப் பார்ப்பார். படித்த ஒரு தாய், தன் வீட்டுப் பிள்ளைக்கு முறுக்கு கொடுக்கும்போது வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பாள். யாரும் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. ஒரு தரம் சாரங்கராஜனாக நின்று பார்த்துவிட்டாள், அது போதும்.

இரண்டாவதாக ஒரு புத்தகம். வத்திராயிருப்பு பக்கம் புதுப்பட்டி நம் மாவட்டம்தான். அங்கே பிறந்த பாமா 1992இல் எழுதிய ‘கருக்கு’. தன் சொந்த வாழ்க்கையை, தெருவில் பேசும் பேச்சிலேயே எழுதினார். அதில் ஓர் இடம் வருகிறது. மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருக்கிறாள். களத்தில் கதிரடிப்பு நடக்கிறது. அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் மேல் கட்டிய சணலை மட்டும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார். பொட்டலத்தில் கை படவில்லை. இப்படிப் பிடித்தால் அவிழ்ந்து கொட்டிவிடாதா என்று அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அவர் அதைக் களத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளியிடம் குனிந்து கொடுக்கிறார். முதலாளி பிரித்துச் சாப்பிடுகிறார். வீட்டுக்கு ஓடிவந்த சிறுமி அண்ணனிடம் இதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் ஏன் அப்படித் தூக்கிக்கொண்டு போனார் என்று விளக்குகிறார். நம் கை பட்டால் அது தீட்டாம்.

சிரித்த அதே காட்சி, விளக்கம் கேட்ட அடுத்த கணம் அவளுக்கு ஆத்திரமாக மாறுகிறது. களம் மாறவில்லை, பொட்டலம் மாறவில்லை, பெரியவர் மாறவில்லை. பார்க்கும் கண் மாறிவிட்டது. பார்வை மாறுவது என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இந்த ஒரு பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். அந்தச் சிறுமிக்கு விளக்கிச் சொல்ல ஓர் அண்ணன் இருந்தார். பிற்பாடு தமிழறிஞராக நாம் எல்லோரும் அறிந்த ராஜ் கௌதமன். நன்றாகப் படி, முன்னுக்கு வா, மரியாதை தானாக வரும் என்று தங்கையிடம் சொன்னவரும் அவரே. அப்படி ஓர் அண்ணன் வாய்க்காதவர்களுக்கு அந்தப் புத்தகமே அண்ணனாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சணலைப் பிடித்து நடந்தவரின் தெருவில் பிறந்தவர்கள் படிப்பதைவிட, களத்தில் உட்கார்ந்திருந்தவரின் தெருவில் பிறந்தவர்கள் அந்தப் புத்தகத்தைப் படிப்பது முக்கியம். முதலாமவர்களுக்கு அது தெரிந்த வலி. இரண்டாமவர்களுக்கோ தங்கள் தாத்தா உட்கார்ந்திருந்த நாற்காலி எதிரில் நின்றவருக்கு எப்படித் தெரிந்தது என்று முதல் தடவையாகத் தெரிய வரும்.

நம் பக்கத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு பழங்கதை இருக்கிறது. 1899இல் சிவகாசியில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றி ஒரு தெருவில் ஒரு மாதிரி சொல்வார்கள், மறு தெருவில் வேறு மாதிரி. இரண்டையும் ஒரே மனிதர் உட்கார்ந்து கேட்டிருப்பது அபூர்வம். எழுத்தாளர் பூமணி அதைச் செய்தார். கழுகுமலையையும் சிவகாசியையும் அந்தக் காலக் கலவரங்களையும் வைத்து ‘அஞ்ஞாடி’ என்று ஆயிரம் பக்கத்துக்கு மேல் நாவல் எழுதினார். 2014இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவ்வளவு தடிமனான புத்தகமா என்று மலைக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து மாதக்கணக்கில் படிக்கலாம். நம் தாத்தாமார்கள் அடித்துக்கொண்டதை இன்றைய பேரன்கள் பகை இல்லாமல் பேச ஓர் இடம் வேண்டும். இப்போதைக்கு அந்த இடம் நாவலில் கிடைக்கிறது.

மேலாண்மை பொன்னுச்சாமியைப் பற்றிப் பேசாமல் இந்த மாவட்டத்தில் வாசிப்பைப் பற்றிப் பேச முடியாது. ஊர் மேலாண்மறைநாடு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஊரிலேயே சின்னதாகக் கடை வைத்துப் பிழைத்தவர். கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தார். படித்தவர் எழுதவும் தொடங்கினார். 1970களில் ‘செம்மலர்’ பத்திரிகையில் அவர் கதைகள் வரத் தொடங்கின. ‘மின்சாரப்பூ’ சிறுகதைத் தொகுதிக்காக 2007இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2017இல் மறைந்தார்.

விருதுக்காக அவரை நினைவுபடுத்தவில்லை. ஒரு சின்னக் கடைக்காரரை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் வாங்க வருகிறவர், கடன் சொல்லிவிட்டுப் போகிறவர், பாக்கியைத் தர முடியாமல் வேறு பாதையில் சுற்றிப் போகிறவர், எல்லோரும் அவர் கண் முன்னால்தான் நடக்கிறார்கள். சாதாரணக் கடைக்காரருக்கு அவர்கள் கணக்கு நோட்டில் ஒரு வரி. படிக்கும் கடைக்காரருக்கு அந்த வரிக்குப் பின்னால் ஒரு வீடு தெரிகிறது, மழை இல்லாத வருஷம் தெரிகிறது, கட்டிக்கொடுத்த மகள் திரும்பி வந்து நிற்பது தெரிகிறது. மேலாண்மையின் கதைகள் முழுக்க இந்த மனிதர்கள்தான். பள்ளிக்கூடம் ஐந்து வருஷத்தோடு கைவிட்ட ஒருவருக்குப் புத்தகம் இவ்வளவு செய்திருக்கிறது. பட்டம் வாங்கிய நம் பிள்ளைகள் கடைசிப் பரீட்சையோடு புத்தகத்தை மூடி வைப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

மாற்றம் எவ்வளவு சீக்கிரம் வரும் என்று தம்பிகள் கேட்பதுண்டு. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கில் ரயில் ஏறிய காந்தியிடம் நண்பர் போலக், ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். டர்பன் போய்ச் சேர்வதற்குள் படித்து முடித்தார். அதன்படியே வாழ்வது என்று தீர்மானித்து ஃபீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். ஒரே ராத்திரி. அம்பேத்கர் பள்ளி மாணவராக இருந்தபோது, கேளுஸ்கர் என்பவர் தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசளித்தார். அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14, நாகபுரியில். சிறுவன் கையில் கிடைத்த புத்தகம் முதுமையில்தான் தன் வேலையை முடித்தது. ஆகையால் பிள்ளை கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு மறுவாரமே என்ன மாறினாய் என்று கேட்காதீர்கள். விதைத்தவர் அறுப்பைப் பார்க்காமலும் போகலாம்.

இனி நம் பிழைப்புக்கு வருகிறேன். பயராபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், அறை வாசலில் போர்டு இருக்கிறது. இந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும். நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்திலேயே உறவைப் பறிகொடுத்தவர்கள் இருக்கலாம். போர்டில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிக்க ஐந்தாம் வகுப்பு போதும். ஆறாவது ஆளாக உள்ளே போகச் சொல்லும்போது, ‘ஏன் அண்ணாச்சி, போர்டுல நாலு பேருன்னுதானே போட்டிருக்கு’ என்று கேட்க வேறொன்று வேண்டும். எழுதி வைத்தது எனக்காகவும்தான் எழுதப்பட்டது என்ற எண்ணம் வேண்டும். தான் ஒரு கூலி ஆள் மட்டும் இல்லை, கதையில் வரும் யாரையும் போலத் தனக்கும் ஒரு கதை உண்டு, தன் உயிருக்கும் விலை உண்டு என்ற எண்ணம் அது. வாசிப்பு அதை மெல்ல மெல்ல ஊட்டுகிறது.

இதை வெறும் ஆசையில் சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல் உடைத்துக் கூலி வாங்கிய பெண்கள் எழுத்து கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். பிறகு அந்தக் குவாரிகளையே குழுவாகக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதே கல், அதே சம்மட்டிதான். கூலிக்குக் கல் உடைத்தவர்கள் குத்தகைதாரர்கள் ஆனார்கள்.

படிக்க நேரம் எங்கே இருக்கிறது என்று அக்காமார் கேட்பது நியாயம். விடிகாலை எழுந்து, சோறு பொங்கி, தூக்குச்சட்டியோடு வேன் ஏறி, சாயங்காலம் திரும்பினால் தண்ணீர், அடுப்பு, பிள்ளை. அவர்களைப் பார்த்துப் படிக்கவில்லையே என்று குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. புத்தகம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். வந்தும் இருக்கிறது. 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். அதே வருஷம்தான் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகத்துக்கான ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு விதி முழுக்க வாசகரின் நேரத்தைப் பற்றியது. 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அது. அந்தச் சட்டத்தால் நாம் ஒவ்வொருவரும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். கூரை வீட்டுக்காரரும் கட்டுகிறார். காசு கொடுத்தவர் கதவு எப்போது திறக்கும் என்று கேட்கலாம்.

கேரளத்தில் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பீடி சுற்றும்போது ஒருவர் மட்டும் சுற்றாமல் பத்திரிகையையும் நாவலையும் உரக்கப் படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் இதே வழக்கம் 1865 முதல் இருக்கிறது. அங்கே வாசிக்கிறவருக்குத் தொழிலாளர்களே காசு சேர்த்துக் கொடுத்தார்கள். வாசிக்கக் கேட்ட நாவல்மேல் உள்ள பிரியத்தில் ஒரு சுருட்டுக்கு ‘மாண்டிகிறிஸ்டோ’ என்றே பெயர் வைத்தார்கள். கைகள் வேலையில் இருக்க, காது வழியாகக் கதை இறங்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அப்படி வாசகர்கள் ஆனார்கள்.

இதை ஆமத்தூரில் செய்ய முடியும். மருந்து அறையில் வேண்டவே வேண்டாம்; அங்கே புத்தி முழுக்கக் கையில்தான் இருக்க வேண்டும். பெட்டி ஒட்டும் திண்ணைகள் இருக்கின்றன, மருந்து நெருங்காத வேலை செய்யும் வீட்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் அந்தப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். தொடக்கத்துக்கு ஒரு சிறுகதை போதும். பிள்ளை தடுமாறினால் திருத்த வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள். முதல் மாதத்துக்கு ‘அன்பளிப்பு’, மேலாண்மையின் சில கதைகள், ‘கருக்கு’ ஆகியவற்றில் இரண்டிரண்டு பிரதிகள் கொண்டு வந்திருக்கிறேன். மேசை மேல் இருக்கின்றன. எந்தத் தெரு எதை எடுத்துக்கொள்வது என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். ஒரு மாதம் கழித்துத் தெருவுக்குத் தெரு மாற்றிக்கொள்ளலாம். புத்தகம் மாறும்போது, வாசிக்கிற பிள்ளையும் அடுத்த தெருவுக்குப் போய் வாசிக்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனையை மட்டும் நான் வைக்கிறேன்.

நூலகக் கதவு விஷயத்துக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வேன் வந்து சேரும் நேரத்துக்குப் பிறகு ஒரு மணி நேரமாவது நூலகம் திறந்திருக்க வேண்டும், ஞாயிறு சாயங்காலமும் திறக்க வேண்டும், பெண்கள் உட்கார ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். அடுத்த கிராம சபை ஜனவரி 26ஆம் தேதி. மனுவை முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி முன்வரிசைப் பிள்ளைகளில் ஒருவர் படிக்கட்டும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம். வாம்மா, மைக்கைப் பிடி.